மண்டபம் வேண்டாம் என்று சொன்ன பிறகு

ஜனவரி 8, புதன்

கல்லூரி முடிந்து வந்தால் வாசலில் யாரோ கழற்றிவிட்ட புதுச் செருப்பு. உள்ளே ஒரு பெண்ணுக்கு அம்மா டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். பெயர் ரோகிணி. போன மழையில் கண்மாய்த் தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது பாயும் போர்வையும் கொடுத்தார்களே, அந்தத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவர். மதுரைக்கு அடுத்த திருமங்கலம் பக்கம் போலிருக்கிறது. சென்னைப் பேச்சு பேசப் பார்க்கிறார், இடையிடையே நம்ம ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கிறது.

எங்கள் ஏரியாவுக்கு நிவாரணக் குழு என்று ஒன்று இருக்கிறதாம். வெள்ளம் வந்தால் முகாம் எங்கே வைப்பது, யாருக்கு முதலில் கொடுப்பது, எல்லாம் அவர்கள் முடிவுதானாம். இனிமேல் அதோடு இளவயதுக்காரர்கள் குழு ஒன்றும் உட்காரப் போகிறதாம். நான் வர வேண்டுமாம்.

ஏன் நான்? கேட்டேன். "நீங்க தைரியமாப் பேசுவீங்கன்னு சொன்னாங்க." யார் சொன்னது? ரேஷன் கடையில் ஒரு தடவை சண்டை போட்டேன், அவ்வளவுதான்.

எனக்குத் தோன்றியது வேறு. போட்டோவில் ஒரு முக்காடு வேண்டும். அதற்கு ஆள் பிடிக்கிறார்கள்.

அம்மா போகச் சொல்கிறாள். அத்தா கடையிலிருந்து வந்ததும் கேட்டுவிட்டு, "நல்லதுதான, போயிட்டு வா ஃபாயிஸா" என்றார். அத்தாவுக்கு எல்லாமே நல்லதுதான்.

ஜனவரி 19, ஞாயிறு

முதல் கூட்டம். அண்ணாநகரில் ஒரு மாடி அறை. நினைத்தது சரி. உட்காருவதற்கு முன்பே போட்டோ. "இளைஞர் குரல்" என்று பேனர். இன்னும் ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை, அதற்குள் குரலுக்குப் பேனர்.

பெரியவர்கள் குழுவின் தலைவர் நல்லகாமன் வந்து வாழ்த்திவிட்டுப் போனார். அவருடைய கல்யாண மண்டபத்தில்தான் போன மழைக்கு முகாம். வாடகை வாங்கவில்லை, சோறும் அவரே போட்டார். ஊரில் அவருக்கு எதிராக யார் பேசுவார்கள்?

அவர் போனதும் ரோகிணி மேடம் ஆளுக்கொரு வண்ணக் காகிதம் கொடுத்து, முகாமில் என்ன குறை என்று எழுதச் சொன்னார். ஒருவர் குழம்பில் காரம் என்று எழுதினார். பக்கத்தில் இருந்த பையன் கொசு என்று எழுதினான். முத்துப்பாண்டியாம், அடுத்த தெரு, பாலிடெக்னிக் படிக்கிறான். நான் வெறும் காகிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

மேடம் அதைப் பிரித்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "அடுத்த மழைக்கு முகாம் எங்கன்னு நீங்கதான் சொல்லப் போறீங்க" என்றார் எல்லோரிடமும். எங்கே என்று முன்பே முடிவாகியிருக்கும். நாங்கள் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 20

போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. நட்ட நடுவில் நான். சொன்னேனா இல்லையா?

பிப்ரவரி 2, ஞாயிறு

பாண்டிமீனாவைப் பார்க்கப் போனேன். மூன்று வீடு தள்ளித்தான், ஆனாலும் போகாமல் இருந்துவிட்டேன். காலில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது. பிளஸ் டூ பரீட்சை இந்த வருடம் எழுத முடியாது. சுவரில் சாய்ந்துகொண்டு போனில் யாரோ கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் என்ன சொல்கிறார்கள்? முகாமில் இருக்கச் சொன்னால் இருக்காமல், டிவியைத் தூக்கி மேலே வைக்கத் தண்ணீரில் வீட்டுக்குத் திரும்பி வந்தாளாம், சாக்கடைக் குழியில் காலை விட்டாளாம். அவளும் அவள் அம்மாவும் மறுக்கவே இல்லை.

நடந்தது எனக்குத் தெரியும். மண்டபத்தில் பெண்கள் கக்கூஸ் பின்பக்கம். கதவு இருக்கும், தாழ்ப்பாள் இருக்காது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் அவள் உள்ளே, நான் வெளியே. திடீரென்று கத்தினாள். மேலே ஜன்னலில் ஒரு கை, கையில் போன். நான் சுற்றிக்கொண்டு ஓடுவதற்குள் அங்கே ஆளில்லை. அவள் அதற்குப் பிறகு அங்கே ஒரு நிமிடம் இருக்க மாட்டேன் என்றாள். இருட்டுவதற்குள் அம்மாவும் மகளும் இடுப்பளவு தண்ணீரில் வீட்டுக்கு நடந்தார்கள். குழி அப்போதுதான்.

குழு விஷயத்தைச் சொன்னேன். அந்த இடத்தைப் பற்றிச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "எம்பேரு வரக் கூடாதுக்கா. அல்லா மேல சொல்லு" என்றாள். சொன்னேன்.

சத்தியம் செய்தாயிற்று. ஆனால் யாரை நம்பிச் சொல்வது?

பிப்ரவரி 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நல்லகாமன் இல்லை, பெரியவர்கள் யாருமில்லை, நாங்களும் ரோகிணி மேடமும் மட்டும். முகாமுக்கு மண்டபம் வேண்டாம் என்று ஆரம்பித்தேன். தாழ்ப்பாள், ஜன்னல், போன். எந்தப் பெண் என்று சொல்லவில்லை. என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. முத்துப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முடிந்ததும் அவன்தான் முதலில் பேசினான். மாநகராட்சிப் பள்ளி மேட்டில் இருக்கிறது, தண்ணீர் ஏறாது, கக்கூஸ் மட்டும் சரி செய்தால் போதும் என்றான்.

மேடம், இது இந்த அறையை விட்டுப் போகாது என்றார். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள்.

வீட்டில் அத்தா, இன்று என்ன பேசினாய் என்று கேட்டார். வழக்கமாக "ஒண்ணுமில்லத்தா" என்பேன். இன்று மனம் கனத்துக் கிடந்தது, முழுவதும் சொல்லிவிட்டேன், பாண்டிமீனா பெயரைத் தவிர. அத்தா என் தலையில் கை வைத்தார்.

பிப்ரவரி 25, செவ்வாய்

வெளியே போய்விட்டது.

நல்லகாமன் இன்று தெற்குவாசலில் அத்தாவின் கைலிக் கடைக்கே வந்திருக்கிறார். சண்டை போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார். "பாய், எம் மண்டபத்துல பொம்பளப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லைன்னு உங்க மக சொல்லுச்சாமே. அம்புட்டுப் பேருக்கும் சோறு போட்டேன் பாய்" என்றாராம். கண் கலங்கினாராம். போகும்போது இரண்டு கைலி எடுத்துக்கொண்டு போனாராம்.

சத்தம் போட்டிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டேன்.

யார் சொன்னது? அந்த அறையில் இருந்தவர்களுக்குத்தானே தெரியும். ரோகிணி மேடமா? அவருக்கு நல்லகாமன் தயவு வேண்டும், அவர் இல்லாமல் இங்கே ஒரு பந்தல்கூடப் போட முடியாது. இல்லை — முத்துப்பாண்டி. அவன் அப்பா காளை, நல்லகாமனுடைய டிராக்டர்தானே ஓட்டுகிறார்! இது எப்படி எனக்கு முன்பே தோன்றாமல் போயிற்று? பள்ளி மேட்டில் இருக்கிறது என்று அவ்வளவு பரிவாகப் பேசினானே. பேச வைத்துக் கேட்டுக்கொள்ளத்தானா?

மார்ச் 2, ஞாயிறு. முதல் நோன்பு.

கூட்டம் முடிந்து தெப்பக்குளம் ஸ்டாப்பில் முத்துப்பாண்டி நின்றான். "ஏ ஃபாயிஸா, ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று சிரித்துக்கொண்டு வந்தான். நேராகக் கேட்டேன். உன் அப்பாவிடம் சொன்னாயா, அவர் முதலாளியிடம் சொன்னாரா?

முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கிப் போயிற்று.

"எங்கப்பாதான் அவருகிட்ட வேலை பாக்குறாரு. நானும் பாக்குறேன்னு நெனச்சியா?"

நின்ற பஸ்ஸில் அவன் ஏறவில்லை, நடந்தே போனான். போகட்டும். கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறெப்படி இருப்பான்?

தொண்டை வறண்டு கிடக்கிறது. முதல் நோன்பு அன்றைக்கு ஒருத்தனை இப்படிக் கேட்டிருக்க வேண்டாமோ. ஆனால் வேறு யார்?

மார்ச் 9

குழுவை விட்டு முத்துப்பாண்டி விலகிக்கொண்டானாம். பார்த்தீர்களா. — யாரிடம் சொல்கிறேன் இதை? எனக்கு நானே.

மார்ச் 13, வியாழன்

நினைத்ததைவிட மோசமாகிவிட்டது. மண்டபத்தில் ஒரு பெண்ணுக்கு ஏதோ நடந்ததாம், யார் அது என்று தெரு முழுக்கப் பேச்சு. குழாயடியில், மாவு மில்லில். அன்றைக்கு முகாமை விட்டுப் போனது யார் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருவது ஒரே பெயர்தானே. நடக்காததையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

பாண்டிமீனா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா கதவைப் பாதி திறந்து என்னைப் பார்த்தார். "நாங்க சும்மா கெடந்தோம்லம்மா" என்றார். மூடிவிட்டார். உள்ளே போனில் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

என்ன செய்துவிட்டேன். எதுக்கு வாயத் தொறந்தேன்? வெறுங்காகிதத்த மடிச்சுக் குடுத்தப்பவே நல்லா இருந்துச்சே. குரல் குடுக்குறாங்களாம் குரல். யாரு குரலுக்கு யாரு கால் ஒடிஞ்சு கெடக்குறது?

மார்ச் 19, புதன்

இதை எப்படி எழுதுவது.

நோன்பு திறக்கும் நேரம். அத்தா பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கி வந்திருந்தார். நான் அம்மாவிடம் முத்துப்பாண்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவனால்தான் எல்லாம், நாசமாகப் போவான் என்று. அத்தா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அந்தப் பையன ஏசாத. நாந்தேன் சொன்னேன்."

பக்கத்துக் கடைக் கண்ணுச்சாமி மாமாவிடம் சொல்லியிருக்கிறார். பெருமைக்காக. அத்தனை பேர் நடுவில் என் மகள் எழுந்து பேசினாள், நியாயத்தைச் சொன்னாள் என்று. கண்ணுச்சாமி மாமா நல்லகாமனுக்குத் தாயாதி முறை என்று அத்தாவுக்குத் தெரியாது. கடைக்கு நல்லகாமன் வந்த அன்றே புரிந்துவிட்டதாம். என்னிடம் சொல்லக் கூச்சமாம்.

நான் அழுதேனா, கத்தினேனா? இரண்டுமில்லை. கஞ்சி குடித்தேன். எல்லோரையும் சந்தேகப்பட்டேன். ரோகிணி மேடம், அவன், அவன் அப்பா, போட்டோ எடுத்தவர்கூட. என் வீட்டைத் தவிர.

அம்மா இரவு முழுக்க அத்தாவோடு பேசவில்லை.

மார்ச் 31. பெருநாள்.

பிரியாணித் தூக்கோடு பாண்டிமீனா வீட்டுக்குப் போனேன். கதவு திறக்காவிட்டால் வாசலில் வைத்துவிட்டு வரலாம் என்று. திறந்தது. அவளே கம்பை ஊன்றிக்கொண்டு வந்து திறந்தாள்.

எல்லாம் சொன்னேன். பேச்சு போனது எங்கள் வீட்டு வழியாகத்தான், என் அத்தா வாயால்தான், ஆனால் சொன்னவள் நான் என்று. உன் பெயரை நான் சொல்லவில்லை என்றேன். அது எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அவள் தூக்கைத் திறந்து ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டாள். பிறகு, "இப்ப ஊரே எம்பேரச் சொல்லுது. நான் மட்டுந்தேன் சொல்லல" என்றாள்.

அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். நல்லகாமன் இருப்பார், எல்லோரும் இருப்பார்கள், போட்டோவும் எடுப்பார்கள். கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள் மீனா என்றேன். அவள் இன்னொரு துண்டு எடுத்தாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இரு குழுவும் சேர்ந்த கூட்டம். காலையிலேயே ரோகிணி மேடத்திடம் இரண்டு கேட்டேன்: இன்று கேமரா வரக் கூடாது, பாண்டிமீனா பாதியில் போகிறேன் என்றால் யாரும் தடுக்கக் கூடாது. சரி என்றார். நம்பவில்லை. ஆனால் கேமராக்காரர் வரவே இல்லை. பேனரையும் சுருட்டி மூலையில் வைத்திருந்தார்கள்.

மாடிப்படி ஏற அவளுக்கு நேரமாயிற்று. அவள் அம்மா பின்னால் வந்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

பெரியவர் ஒருவர், மண்டபத்தைப் பற்றி வீண் பழி பரவுகிறது, அதை முதலில் பேசி முடிப்போம் என்றார். பாண்டிமீனா எழுந்திருக்கவில்லை, சட்டென்று எழ முடியாது. உட்கார்ந்தபடியே, "அது நாந்தேன்" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குழிக்குள் கால் போனபோது எலும்பு ஒடிந்த சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்டது என்றாள். அதை என்னிடம்கூடச் சொன்னதில்லை.

நல்லகாமன் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மடித்தார். "அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல தாயி" என்றார். நிஜமான வருத்தம்தான் என்று எனக்குப் பட்டது.

"அன்னைக்கு யாரு எங்ககிட்டக் கேட்டா?" என்றாள் பாண்டிமீனா.

பிறகு நான் முத்துப்பாண்டி சொன்ன யோசனையைச் சொன்னேன். மேட்டில் இருக்கும் பள்ளி. பெண்களுக்குத் தனி அறைகள், தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ், எப்போதும் விளக்கு. இது முத்துப்பாண்டியின் யோசனை என்று பெயர் சொல்லியே சொன்னேன். அவன் அங்கே இல்லை. மறுப்பு வரவில்லை. நல்லகாமன் கையைக் கடைசியாகத்தான் தூக்கினார். தூக்கினார்.

சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. கை தூக்குவது சுலபம். மழை அக்டோபரில்.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்ட நெரிசலில் கோரிப்பாளையத்தில் முத்துப்பாண்டியைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். ஜனம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூப்பிட்டிருக்கலாம்.

ஜூலை 6

பள்ளியில் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. அனுமதி வர வேண்டும் என்கிறார் மேடம். அனுமதி, அனுமதி. நான்தான் அப்போதே சொன்னேனே.

ஆகஸ்ட் 30, சனி

பள்ளியில் ஆசாரி கதவு மாட்டுகிறார் என்று அம்மா வந்து சொன்னாள். நம்பாமல் போய்ப் பார்த்தேன். மாட்டிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாளை இழுத்து இழுத்துப் பார்த்தேன். "உடைச்சிராதம்மா, புதுசு" என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முத்துப்பாண்டி வீட்டுக்குப் போனேன். இத்தனை மாதம் எடுத்துக்கொண்டேன். அவன் அப்பா காளை வாசலில் டிராக்டர் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார், என்னை யாரென்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

தப்பு என்னுடையது, சொன்னது என் அத்தாதான் என்றேன். "தெரியும். உங்கத்தா அப்பவே வந்து எங்கப்பாகிட்டச் சொல்லிட்டுப் போனாரு" என்றான். அத்தா! என்னிடம் சொல்லவே இல்லை.

குழுவுக்குத் திரும்பி வருவாயா என்று கேட்டேன். "பாப்போங்க" என்றான், "ஏ ஃபாயிஸா" என்று கூப்பிட்டவன்.

ங்க.

அக்டோபர் 22, புதன்

தீபாவளிக்கு மறுநாளிலிருந்து விடாத மழை. கண்மாய் நிறைந்து அலையடிக்கிறது. மத்தியானம் ரோகிணி மேடம் போன். நாளைக்கு இன்னும் கூடும் என்கிறார்களாம். "பள்ளிக்கூடத்த இன்னைக்கே திறக்கணுமா, பொறுக்கலாமா? நீங்க சொல்லுங்க ஃபாயிஸா, நான் சாவிய வாங்கிர்றேன்."

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? பொறி. ஜனங்களைக் கிளப்பிக் கொண்டுபோய் வைத்து, தண்ணீர் வராமல் போனால் தெருவே சிரிக்கும். பிள்ளைகள்தான் சொன்னார்கள் என்று எங்கள் தலையில் கட்டுவதற்காகக் கேட்கிறார்கள். பெரியவர்களைக் கேட்டீர்களா என்றேன். "கேட்டேன். பிள்ளைககிட்டக் கேளுங்கன்னு நல்லகாமன் ஐயா சொல்லிட்டாரு" என்றார். அது கோபமா, மரியாதையா? அவருக்கே தெரியுமோ என்னவோ.

பாண்டிமீனாவையும் முத்துப்பாண்டியையும் ஒரே போனில் சேர்த்தேன். அவன் எடுப்பான் என்று நினைக்கவில்லை. எடுத்தான். பொறுக்கலாமா என்று நான்தான் இழுத்தேன். தப்பாகிவிட்டால்?

"தண்ணி வந்த பெறகு என்னால நடக்க முடியாதுக்கா" என்றாள் பாண்டிமீனா. "வர்றதுக்கு முன்னாடி திறக்கச் சொல்லு."

"ஆமா" என்றான் அவன்.

திறக்கச் சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்காமல் இருந்த நாட்கள் எவ்வளவு நிம்மதி.

அக்டோபர் 23, வியாழன். பள்ளியிலிருந்து.

விடியும்போது பின்தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். எங்கள் தெருவில் வாசல்படி வரை வந்து நிற்கிறது, உள்ளே வரவில்லை. ஆகவே பாதிப் பேர் எங்களைத் திட்டுகிறார்கள், பாதிப் பேர் திட்டவில்லை.

இதற்கிடையில் பின்தெரு ரேவதி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கீழ்த்தள அறையை உங்க தெருக்காரங்களுக்கே கொடுத்துக்கிட்டீங்களாமே, எங்களை மாடிக்கு ஏத்திவிட்டீங்க, நீதான இங்க முடிவு பண்றவ என்று. கீழ் அறை படி ஏற முடியாதவர்களுக்கு என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை — அது எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை, நான் மேடத்தைப் பார்த்த பார்வை. உள்ளே கோபம் வந்தது. உடனே போயும்விட்டது.

"வாங்கக்கா, நீங்களே பாருங்க" என்று கூட்டிப் போனேன். கைக்குழந்தைக்காரிகள் இருவர், வாதம் வந்த ஒருவர், காலை நீட்டிக்கொண்டு பாண்டிமீனா. அக்கா ஒவ்வொருவராகப் பார்த்தார். நம்பினாரா? தெரியவில்லை. என் மாமியாருக்கும் மூட்டுவலி, தரையில் படுத்தால் எழுந்திருக்க முடியாது, ஒரு கட்டில் வேண்டும் என்றார். சரிதான். அதை நான் யோசித்திருக்கவே இல்லை.

கட்டிலுக்கு எங்கே போவது என்று வராந்தாவில் நின்றேன். முத்துப்பாண்டி அவன் அப்பா ஓட்டும் டிராக்டரில் பின்தெருக்காரர்களை இறக்கிக்கொண்டிருந்தான். தலையிலிருந்து சொட்டச் சொட்ட வந்து என்ன என்று கேட்டான். சொன்னேன்.

"நீங்க இங்கயே இருங்க. நான் கொண்டு வாரேன்."

நீங்க என்றுதான் சொன்னான். கட்டில் கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், வாசலில் இடிக்காமல் சாய்த்துப் பிடித்து உள்ளே கொண்டுபோனோம்.